நாகர்கோவிலில் ஒரு வலைத்தள வடிவமைப்பு வகுப்பு: சிறுதொழில் செய்வோருக்கான மதிப்புரை

நாகர்கோவில் நகருக்குள் ஞாயிற்றுக்கிழமைகளில் நடத்தப்படும், சிறுதொழில் செய்வோருக்கான வலைத்தள வடிவமைப்பு அடிப்படைப் பயிற்சியைப் பற்றிய மதிப்புரை இது. நான் தக்கலையில் டி.டி.பி. கடை நடத்துகிறேன். கல்யாண அழைப்பிதழும் கோயில் கொடை நோட்டீசும் அடிக்க வருபவர்கள், "அப்படியே நம்ம கடைக்கு ஒரு வெப்சைட்டும் போட்டுத் தருவீங்களாக்கா?" என்று கேட்பது சில ஆண்டுகளாகப் பெருகிவிட்டதால், அந்த வேலையை முறையாகக் கற்றுக்கொண்டு செய்ய வேண்டும் என்ற எண்ணத்தில் சேர்ந்தேன். இதேபோன்ற வகுப்புகள் மார்த்தாண்டத்திலும் வேறு ஊர்களிலும் நடப்பதால், எங்கே சேர்ந்தாலும் எதைப் பார்த்துச் சேர வேண்டும் என்பதற்கு இந்த மதிப்புரை பயன்பட வேண்டும் என விரும்புகிறேன். ஆகவே நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வகுப்பு கட்டணத்துக்குத் தகுந்தது. வலைத்தளம் என்றால் என்னவென்றே தெரியாமல் வருபவர் ஒரு நல்ல பக்கத்தைத் தம் கையால் கட்டிக்கொண்டு போகும் அளவுக்குக் கற்றுத் தருகிறது. ஆனால், தமிழில் எழுதப்படும் பக்கங்களுக்கே உரிய சிக்கல்களையும், தளத்தின் முகவரிப் பெயர் (டொமைன்) யாருடைய உடைமை என்ற கேள்வியையும் இது போதிய அக்கறையோடு கையாளவில்லை. இவ்விரண்டையும் சேர்த்துக்கொண்டால் இதைவிடச் சிறந்த வகுப்பு குமரி மாவட்டத்தில் இருக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

முதல் வகுப்பில் கணினியையே திறக்கவிடவில்லை. பயிற்றுநர் ஆளுக்கு ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, வாடிக்கையாளர்கள் தொலைபேசியில் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை அவர்கள் கேட்கும் சொற்களிலேயே எழுதச் சொன்னார். வலைத்தளம் கற்க வந்த இடத்தில் இது என்ன வேலை என்று சிலர் முணுமுணுத்தார்கள். ஆனால் வகுப்பு முழுவதும் அந்தத் தாளின் மேல்தான் நின்றது. இந்தப் பயிற்சியில் நான் மிகவும் மதிக்கும் பகுதியும் அதுதான். பெரும்பாலானோர் முதலில் ஒரு டெம்ப்ளேட்டை, அதாவது ஆயத்தப் பக்க வடிவத்தை, தேர்ந்தெடுத்து, அதில் இருக்கும் கட்டங்களை எப்படியாவது நிரப்பப் பார்க்கிறார்கள். அதனால்தான் பாத்திரக்கடைக்கும் பல் மருத்துவமனைக்கும் ஒரே மாதிரியான முகப்பும், "தரமே எங்கள் தாரக மந்திரம்" என்ற ஒரே வாசகமும் வந்து நிற்கின்றன.

அந்தத் தாள் என்ன செய்தது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து தேன் விற்கும் அண்ணாச்சி ஒருவர் வந்திருந்தார். அவருக்கு ஏற்கெனவே யாரோ செய்து கொடுத்த தளம் ஒன்று இருந்தது. அதைத் திறந்தால் முதலில் தாமாக நகரும் படங்கள் வரும். பிறகு நிறுவனத்தின் வரலாறு, நோக்கம், தொலைநோக்கு எல்லாம் வரும். தொலைபேசி எண் கடைசிப் படத்துக்குள் படத்தின் பகுதியாகவே பதிந்திருக்கும், தொட்டால் அழைப்பும் போகாது. அவருடைய தாளிலோ வேறு செய்திகள் இருந்தன. தேன் ஏன் உறைகிறது, சர்க்கரைப் பாகு கலந்திருக்கிறதா என்பதே அவருக்கு அதிகம் வரும் கேள்வி. அடுத்து, இது ரப்பர் தேனா பலபூத் தேனா என்று கேட்கிறார்கள். கைக்குழந்தைக்குக் கொடுக்கலாமா, திருவனந்தபுரத்துக்குப் பார்சல் அனுப்புவீர்களா, ஒரு கிலோ என்ன விலை என்பவை மற்றவை.

"அண்ணாச்சி, உங்க சைட்டுல இந்தக் கேள்விக்கெல்லாம் பதில் எங்க இருக்கு?" என்று பயிற்றுநர் கேட்டார். எங்குமே இல்லை. குமரி மாவட்டத்தில் ரப்பர் மரங்கள் இலையுதிர்த்துத் துளிர்க்கும் பருவத்தில், பூவிலிருந்து அல்லாமல் இலைக்காம்பில் சுரக்கும் இனிப்பு நீரிலிருந்து தேனீக்கள் சேர்ப்பதே ரப்பர் தேன். அது மற்றத் தேன்களைவிட விரைவில் உறையும் இயல்புடையது. உறைவது கலப்படத்தின் அடையாளமன்று. பாட்டிலை வெதுவெதுப்பான நீரில் வைத்தால் இளகிவிடும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு எந்தத் தேனும் கொடுக்கக் கூடாது. அண்ணாச்சி நாள்தோறும் தொலைபேசியில் சொல்லிவரும் இந்தச் செய்திகளை அவருடைய பேச்சிலேயே எழுதி முகப்பில் வைத்தார்கள். அதற்குக் கீழே விலை, அதற்குக் கீழே தொட்டால் அழைப்புப் போகும் எண்ணும் வாட்ஸ்அப் இணைப்பும், அடியில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்னும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிம எண்ணும் முகவரியும். நகரும் படங்கள் போய், தேன்பெட்டிகள் தோட்டத்தில் இருக்கும் ஒரே ஒரு படம் நின்றது. "வரலாறு" என்ற தனிப்பக்கம் இரண்டு வரியாகச் சுருங்கியது. வண்ணமும் அலங்காரமும் பழைய தளத்தில் இருந்த அளவுக்கு இல்லை என்றாலும், தேன் வாங்க நினைப்பவருக்கு இப்போது அந்தப் பக்கம் விடை சொல்கிறது.

இரண்டாவதாகப் பாராட்ட வேண்டியது, எல்லாவற்றையும் கைப்பேசியிலிருந்தே தொடங்கியது. ஒரே பக்கம் திரையின் அகலத்துக்கேற்பத் தன்னை அமைத்துக்கொள்ள வேண்டும் என்ற முறைக்கு வலை வடிவமைப்பாளர் ஈத்தன் மார்க்கோட் 2010-இல் பெயர் சூட்டி வழிகாட்டினார். கூகுள் தேடலும் இப்போது தளங்களின் கைப்பேசி வடிவத்தையே முதன்மையாக எடுத்துக்கொள்கிறது. இந்த வரலாற்றைப் பயிற்றுநர் சில நிமிடங்களில் முடித்துவிட்டு, வலைப்பக்கங்களை எழுதும் குறியீட்டு மொழியான எச்.டி.எம்.எல்.-இல், பக்கத்தின் தலைப்பகுதியில் வர வேண்டிய வியூபோர்ட் என்ற ஒற்றை வரியை நீக்கிக் காட்டினார். அந்த வரி இல்லாவிட்டால் கைப்பேசி உலாவி பக்கத்தை ஏறத்தாழ 980 பிக்சல் அகலமுள்ள கணினித் திரைக்கானதாக எண்ணி, முழுவதையும் சுருக்கிக் காட்டுகிறது. எழுத்துகள் எறும்பு வரிசையாகிவிடுகின்றன. ஒரு வரியை எடுத்தும் சேர்த்தும் கண்முன்னே காட்டியது, பல மணி நேர விளக்கத்துக்கு ஈடானது.

பிறகு எல்லாரையும் மொட்டைமாடிக்கு அழைத்துச் சென்று, நடுப்பகல் வெயிலில் அவரவர் பக்கத்தை அவரவர் கைப்பேசியில் வாசிக்கச் சொன்னார். வெள்ளைப் பின்னணியில் வெளிர்சாம்பல் எழுத்து வைத்திருந்தவர்கள் திரையைக் கையால் மறைத்து மறைத்துப் பார்த்தார்கள். அங்கேயே நின்று நிற வேறுபாட்டு அளவை விளக்கினார்: வழக்கமான அளவுள்ள எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 என்ற வேறுபாடு வேண்டும் என்றும், பெரிய எழுத்துக்கு 3:1 போதும் என்றும் டபிள்யூ.சி.ஏ.ஜி. என்னும் அணுகல்தன்மை வழிகாட்டி கூறுகிறது. வெள்ளையின் மேல் #999999 என்ற சாம்பல் நிறம் 2.85 அளவில்தான் நிற்கிறது. #767676 வரை அடர்த்தியாக்கினால்தான் தேர்ச்சி பெறுகிறது. கன்னியாகுமரிக் கடற்கரையில் நின்றுகொண்டு தங்குமிடம் தேடும் பயணி வெயிலில்தான் நம் பக்கத்தைப் படிக்கப் போகிறார் என்பதால், இந்தப் பாடம் நம் மாவட்டத்துக்கு மிகப் பொருத்தமானது.

படங்களைப் பற்றிய பாடமும் நன்றாகவே அமைந்தது. ஹோம்ஸ்டே நடத்தும் ஒரு குடும்பத்தினர், சூரிய உதயத்தையும் வள்ளுவர் சிலையையும் கைப்பேசியில் எடுத்த படங்களை அப்படியே ஏற்றியிருந்தார்கள். ஒவ்வொன்றும் பல எம்.பி. அளவு. அவற்றைத் திரைக்குத் தேவையான அகலத்துக்குக் குறைத்து வெப்பி (WebP) என்ற எடை குறைந்த பட வடிவத்துக்கு மாற்றியதும், கண்ணுக்கு வேறுபாடு தெரியாமலே எடை பெரும்பகுதி இறங்கிவிட்டது. முதன்மையான உள்ளடக்கம் 2.5 நொடிக்குள் தோன்ற வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல். பேச்சிப்பாறை பக்கம் போய் நெட்வொர்க் ஒரு கோட்டுக்கு இறங்கும்போது அந்த 2.5 நொடியின் அருமை தெரியும். அந்தக் குடும்பத்தினரிடம் பயிற்றுநர் சொன்ன இன்னொரு திருத்தம் என் மனத்தில் நின்றது: உதயத்தின் படம் எல்லாரிடமும் இருக்கிறது, வருபவர் பார்க்க விரும்புவது உங்கள் குளியலறையையும் கார் நிறுத்தும் இடத்தையும் என்றார். ஐயப்ப சீசனில் வேனில் குடும்பமாக வருபவர்கள் முதலில் கேட்பது அவற்றைத்தான். கேரளத்திலிருந்து வருபவர்களுக்காக மலையாளத்தில் ஒரு பக்கம் தனியாக வைக்கச் சொன்னதும் சரியான யோசனை. ஆனால் தானியங்கி மொழிபெயர்ப்பை அப்படியே ஒட்டாமல், களியக்காவிளை பக்கத்தில் இரு மொழியும் அறிந்த ஒருவரிடம் காட்டித் திருத்திக்கொள்ளச் சொல்லியிருக்க வேண்டும்.

இனிக் குறைகளுக்கு வருகிறேன். எழுத்துகளோடு நாள் முழுவதும் புழங்குபவள் என்பதால், தமிழ் எழுத்தைப் பற்றிய பாடத்தை மிகுந்த எதிர்பார்ப்போடு காத்திருந்தேன். அது ஒரு மணி நேரம்கூட நடக்கவில்லை. கூகுள் ஃபான்ட்ஸில் தமிழுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரன், மீரா இனிமை எனப் பல எழுத்துருக்கள் இலவசமாகக் கிடைக்கின்றன என்று காட்டிவிட்டு, விருப்பமானதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள் என்று முடித்துவிட்டார்கள். தேர்ந்தெடுப்பது எப்படி என்பதல்லவா பாடம்?

தமிழில் பெரிய எழுத்து சிறிய எழுத்து என்ற பிரிவு இல்லை. எழுத்தைச் சாய்த்து அழுத்தம் காட்டுவதும் நம் வழக்கமன்று, உலாவி வலிந்து சாய்க்கும் எழுத்து பார்க்கவும் நன்றாக இருப்பதில்லை. ஆகவே தலைப்புக்கும் உடலுக்கும் உள்ள வேறுபாட்டை அளவாலும் தடிமனாலும் இடைவெளியாலும் மட்டுமே காட்ட முடியும். தடிமனைக் கூட்டினால் ண, ணை போன்ற எழுத்துகளின் சுழிகள் சிறிய அளவில் மையடைத்தாற்போல் நிரம்பிவிடுகின்றன. மேலே புள்ளியும் இகர ஈகாரக் குறிகளும், கீழே உகர ஊகாரக் கீற்றுகளும் வருவதால், ஆங்கிலத்துக்கு வைக்கும் வரி இடைவெளி தமிழுக்குப் போதாது. எழுத்தளவைப் போல் 1.7 மடங்காவது வைத்தால்தான் நீண்ட பத்தி மூச்சு விடுகிறது. ஆங்கில டெம்ப்ளேட்டில் ஐந்தெழுத்துக்காக வெட்டிய பொத்தானுக்குள் "தொடர்புகொள்ளுங்கள்" என்ற சொல்லைத் திணித்தால் அது உடைந்து இரண்டு வரியாகும். "அழைக்க" என்றோ "பேச" என்றோ எழுதினால் பொத்தானும் பிழைக்கும், பொருளும் தெளிவாகும். இவை எதுவும் வகுப்பில் வரவில்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் பழைய எழுத்துருக்கள். நம் மாவட்டத்தில் கடைகளின் விலைப்பட்டியலும் சங்கங்களின் மலரும் கோயில்களின் தலபுராணமும் இன்னும் பாமினி போன்ற எழுத்துருக்களில்தான் கணினிகளில் கிடக்கின்றன. அந்த எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இருக்கையில் தமிழ் வடிவத்தை அமர்த்தியவை. பாமினியில் புள்ளி விழுவது அரைப்புள்ளியின் இடத்தில். அந்த உரையை நகலெடுத்து வலைத்தளத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாகத் தெரியும். வகுப்பில் வடசேரியைச் சேர்ந்த கோயில் நகைப் பட்டறைக்காரர் ஒருவருக்கு இது நேர்ந்தபோது, உரையைப் படமாக மாற்றி ஏற்றிவிடலாம் என்று உதவிப் பயிற்றுநர் ஆலோசனை சொன்னார். அண்ணாச்சியின் தொலைபேசி எண்ணைப் படத்திலிருந்து விடுவித்த அதே வகுப்பில் இப்படிச் சொன்னது எனக்கு வருத்தமாக இருந்தது. படத்துக்குள் இருக்கும் எழுத்தைக் கூகுள் உரையாக நம்பிப் பட்டியலிடாது. பார்வையற்றவர் பயன்படுத்தும் என்.வி.டி.ஏ. போன்ற திரைவாசிப்பான் அதை வாசிக்காது. கைப்பேசியில் பெரிதாக்கினால் எழுத்து மங்கும். செய்ய வேண்டியது, என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற இலவச மென்பொருளால், எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றி, பிறகு பொறுமையாக மெய்ப்புப் பார்ப்பது. இடையில் ஆங்கிலச் சொற்கள் இருந்தால் அவையும் மாற்றத்தில் சிதைந்து பொருளற்ற தமிழாகிவிடும் என்பதால் மெய்ப்பு தவிர்க்கவே முடியாதது. இருவர் மதிய உணவு இடைவேளையில் என்னிடம் இதைக் கேட்டுச் செய்துகொண்டார்கள். பாடத்திட்டத்திலேயே இது இருக்க வேண்டும்.

யூனிகோடில் தட்டச்சு செய்பவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை தேவை. "கௌரி" என்ற பெயரை ஔகாரக் குறியோடு எழுதாமல், ஒற்றைக் கொம்பும் ளகரமும் போட்டு "கெளரி" என்று அடிப்பவர்கள் மிகப் பலர். அச்சில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் கணினிக்கு இவை வெவ்வேறு சொற்கள். கடையின் பெயரே அப்படி அமைந்தால் சரியாக எழுதித் தேடுபவருக்குத் தளம் அகப்படாமல் போகக்கூடும். 1999-இல் தரப்படுத்தப்பட்ட தமிழ்99 விசைப்பலகையை அரை நாள் பழக்கினாலே இந்தப் பிழைகள் பெருமளவு குறையும். பக்கத்தின் மொழி தமிழ் என்று எச்.டி.எம்.எல்.-இல் குறிப்பிடுவதையும், படங்களுக்கு மாற்று உரை (படத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லும் வரி) எழுதுவதையும் கடைசி வகுப்பில் ஓர் அறிவிப்பைப்போல் சொல்லிவிட்டுப் போனார்கள். திரைவாசிப்பான் தமிழைத் தமிழாக உச்சரிக்க இவை அடிப்படை.

இரண்டாவது குறை உடைமை பற்றியது. தளத்தின் முகவரிப் பெயரை யார் பெயரில், எந்த மின்னஞ்சலில், எந்தத் தொலைபேசி எண்ணில் பதிவு செய்ய வேண்டும் என்பது தொடக்கநிலையாளர் அறிய வேண்டிய தலையாய செய்தி. என் கடைக்கு வருபவர்களில் சிலர், தளம் செய்து கொடுத்தவரே முகவரியைத் தம் பெயரில் பதிந்துகொண்டதால், அவர் வெளிநாடு போனதும் புதுப்பிக்க வழியின்றித் தளத்தை இழந்திருக்கிறார்கள். நோட்டீசிலும் பெயர்ப்பலகையிலும் பில் புத்தகத்திலும் அச்சடித்த முகவரி வேறு யாருக்கோ போய்விடுகிறது. வகுப்பில் எல்லாருக்கும் பயிற்சிக்காக ஒரு பொதுக் கணக்கின்கீழ் துணைமுகவரி கொடுத்தார்கள். அது கற்பதற்குப் போதும். ஆனால் சொந்தமாக டாட் இன் முகவரி வாங்கும்போது உரிமையாளர் பெயரில் பதிவு, ஆண்டுதோறும் புதுப்பிப்பு, கடவுச்சொல் ஒப்படைப்பு ஆகியவற்றைச் செய்முறையாகக் காட்டவில்லை. வாங்கித் தருகிறோம் என்று நிறுவனமே முன்வருவதால் இந்தப் பாடத்தைத் தள்ளிவைத்தார்களோ என்ற ஐயம் எழாமல் இருக்க, முதல் வாரத்திலேயே இதைச் சொல்லித் தருவது அவர்களுக்கும் நல்லது.

மற்றவற்றில் சொல்வதற்கு அதிகம் இல்லை. தளம் கட்ட உதவும் மென்பொருளாக வேர்ட்பிரஸைத் தேர்ந்தெடுத்தது நியாயமானது. உலகிலுள்ள வலைத்தளங்களில் 40 விழுக்காட்டுக்கும் மேல் அதில் இயங்குவதால், ஐயம் வந்தால் கேட்க ஆள் கிடைக்கும். ஆனால் அதற்கு முன் வெறும் எச்.டி.எம்.எல்., பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சி.எஸ்.எஸ். ஆகியவற்றைக் கொண்டு ஒரு பக்கத்தைக் கையாலேயே எழுத வைத்தார்கள்; அப்படிச் செய்தவர்கள்தான் பிற்பாடு டெம்ப்ளேட்டில் ஏதாவது உடையும்போது மிரளாமல் இருந்தார்கள். தளத்தின் இணைப்பைப் பாதுகாப்பானதாக்கும் எச்.டி.டி.பி.எஸ். சான்றிதழ், லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பின் வழியாக இலவசமாகவே கிடைக்கும், அதற்கெனத் தனியாகப் பணம் கேட்பவரிடம் காரணம் கேளுங்கள் என்று சொன்னது பலருக்குப் பணத்தை மிச்சப்படுத்தும்.

பயிற்றுநர் நல்ல தமிழில், தெரியாதவரைக் கூச வைக்காமல் சொல்லித் தருகிறார். ஒரு வயதான அம்மா மவுஸைப் பிடிக்கத் தயங்கியபோது பக்கத்தில் அமர்ந்து, "அவசரம் இல்லம்மா, மெதுவாச் செய்யுங்க" என்று அவர் கூடவே இருந்ததைப் பார்த்தேன். யூடியூபில் இதே பாடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன என்பது உண்மைதான். ஆனால் அங்கே நம் பக்கத்தைப் பார்த்து இது விளங்கவில்லை என்று சொல்ல ஆள் இல்லை. இங்கே ஒவ்வொருவருடைய பக்கத்தையும், அந்தத் தொழிலைப் பற்றி ஒன்றும் அறியாத இன்னொரு மாணவரிடம் கொடுத்து, "இவரிடம் ஒரு பொருள் வாங்குங்கள்" என்று சொல்லிவிட்டு வாய் பேசாமல் நின்று கவனிக்க வைத்தார்கள். நர்சரி நடத்தும் ஒருவரின் பக்கத்தில் ஒரு கல்லூரி மாணவி ரம்பூட்டான் கன்றின் விலையைத் தேடி அலைந்ததையும், உரிமையாளர் சொல்லவும் முடியாமல் தவித்ததையும் பார்த்த பிறகு, வகுப்பில் யாருமே விலையை மறைத்து வைக்கவில்லை.

வடிவமைப்பைத் தொழிலாக எடுத்துக்கொள்ள விரும்பும் பொறியியல் மாணவர்களுக்கு இது போதாது. பக்கங்களை இயங்க வைக்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டைத் தொடவே இல்லை. சிப்ஸ், கருப்பட்டி, கயிறு, நகை, தங்குமிடம் என்று சொந்தத் தொழில் வைத்திருப்பவர்களும், என்னைப்போல் அவர்களுக்குச் செய்து கொடுக்க நினைப்பவர்களும் தயங்காமல் சேரலாம். தமிழில் தளம் வைக்கப் போகிறவர்கள், தங்கள் பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றி மெய்ப்புப் பார்த்து எடுத்துக்கொண்டு போனால், வகுப்பு நேரம் அதில் வீணாகாது. படங்களையும் விலைப்பட்டியலையும் பென்டிரைவில் கொண்டு செல்லுங்கள். வகுப்பில் இணைய வேகம் பரவாயில்லை என்றாலும் எல்லாரும் ஒரே நேரத்தில் ஏற்றும்போது தாமதமாகிறது. மடிக்கணினி இல்லாதவர்களுக்கு அங்கேயே கணினி தருகிறார்கள், ஆனால் எண்ணிக்கை குறைவு என்பதால் சேரும்போதே சொல்லி வைப்பது நல்லது. சொந்த முகவரி வாங்கித் தருவதாகச் சொன்னால், பதிவு உங்கள் பெயரிலும் உங்கள் மின்னஞ்சலிலும் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.